வீட்டு வாடகையும் பாட்டு வாடகையும்

வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் பக்கம் வீடு தேடிய வாத்தியக்காரர்களுக்கு ஒரு காலத்தில் தண்ணீரும் காற்றோட்டமும் இரண்டாம்பட்சம். ஏவி.எம்., விஜயா வாஹினி, பிரசாத் என்று ஏதாவது ஒரு ஸ்டுடியோவுக்காவது வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விட முடியவேண்டும். டபுள் பாஸ் வாசிப்பவராக இருந்தால் கவலை இன்னும் கொஞ்சம் கூடும். வாடகை அதிகமென்றாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்கள். வீட்டில் டெலிபோன் கிடையாது. நாளைக் காலையில் ரெக்கார்டிங் என்று சொல்ல ஆள் வந்தால்தான் உண்டு. ஆள் வந்து சேராத தூரத்தில் குடியிருப்பவருக்கு வாய்ப்பும் வந்து சேராது.

இன்று அதே தெருக்களில் அடுக்குமாடிகள். படுக்கையறை மூலையில் ஒரு மைக், ஒரு லேப்டாப், சுவரில் ஒட்டிய பஞ்சு. அழைப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது. வாசித்ததைக் கோப்பாக அனுப்பிவிட்டு ஜிபேயில் பணம் வந்ததா என்று பார்க்கிறார்கள். இதற்கு சாலிகிராமத்தில் ஏன் குடியிருக்கவேண்டும், சங்கரன்கோவிலிலேயே இருக்கலாமே என்று கேட்டால், இருக்கலாம்தான். ஆனாலும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஊர் மாறியதையும் கருவி மாறியதையும் நாம் நிறையப் பேசிவிட்டோம். வாடகை எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் பேசுவதில்லை. ராயல்டி என்ற சொல்லை நான் எப்போதும் பாட்டு வாடகை என்றே புரிந்துகொள்கிறேன். பாட்டு ஒரு வீடு. அதில் வானொலி குடியிருக்கும், தொலைக்காட்சி குடியிருக்கும், ஹோட்டல் வரவேற்பறையும் கல்யாண மண்டபமும் வேறொரு படத்தின் காட்சியும் வந்து தங்கிப் போகும். குடி வருகிறவர் ஒவ்வொருவரும் வாடகை தரவேண்டும். கட்டியவருக்கா, கட்டச் சொல்லிக் காசு கொடுத்தவருக்கா? அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கோடம்பாக்கம் பிறவியிலேயே பாட்டூர் அல்ல. 1940-களில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இருந்தன. ஏவி.மெய்யப்பன் காரைக்குடிப் பக்கம் கொட்டகை போட்டு ‘நாம் இருவர்’ எடுத்தார்; 1948-இல்தான் ஸ்டுடியோவைக் கோடம்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார். கம்பெனி நகர்ந்தால் வாத்தியக்காரர்களும் நகரவேண்டும். எலப்புள்ளியில் பிறந்து கண்ணூரில் வளர்ந்த எம்.எஸ்.விஸ்வநாதன், கோவையில் ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடியாக இருந்து எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் தொழில் கற்றவர். ஜூபிடர் கோவையை விட்டுக் கிளம்பியபோது அவரும் சென்னைக்கு வந்தார், சி.ஆர்.சுப்பராமனின் குழுவில் சேர்ந்தார். அங்கே வயலின் வாசித்துக்கொண்டிருந்தவர் திருச்சியைச் சேர்ந்த டி.கே.ராமமூர்த்தி. 1952-இல் சுப்பராமன் இளம் வயதில் இறந்துபோக, பாதியில் நின்ற ‘தேவதாஸ்’ வேலையை முடித்துக்கொடுத்தவர்கள் இந்த இருவரும்தான். விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது. விண்ணப்பம் போட்டு வாங்கிய வேலை அல்ல அது. ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் வந்த வேலை.

நாற்காலியைப் பிடிப்பதற்குத்தான் எல்லாரும் ஊரை விட்டு வந்தார்கள். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் சகோதரர்கள் 1960-களின் கடைசியில் வந்து இறங்கியது, தங்களுக்கு முன்னால் வந்துவிட்ட பாரதிராஜாவின் அறையில். அவர்களில் ராஜா, அதாவது இளையராஜா, மயிலாப்பூர் சாய் லாட்ஜில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். அந்தச் சின்ன அறைக்குள் போய் வந்தவர்களின் பட்டியலைப் போட்டால் தமிழ் சினிமா இசையின் பாதிக் கதை வந்துவிடும். ஆந்திரத்திலிருந்து இன்ஜினியரிங் படிக்கவந்து, ஒரு பாட்டுப் போட்டியில் எஸ்.பி.கோதண்டபாணியின் கண்ணில் பட்ட எஸ்.பி.பாலசுப்ரமணியம் அப்போது மெல்லிசைக் குழு ஒன்றை நடத்திவந்தார். அந்தக் குழுவில் ராஜாவும் அவர் சகோதரர்கள் பாஸ்கரும் அமரனும் வாசித்தார்கள். மேடையில் பாலு பாடுவார், ராஜா பக்கத்தில் வாத்தியத்தோடு உட்கார்ந்திருப்பார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வருவேன்.

சென்னை அப்போது நான்கு மொழிக்கும் பாட்டுக் கூடம். ஒரு வயலின்காரர் காலையில் மலையாளம், மதியம் தெலுங்கு, மறுநாள் கன்னடம், தமிழ் என்று ஆற்காடு சாலையைத் தாண்டாமலேயே நான்கு மாநிலங்களுக்கு வாசித்துவிடலாம். தமிழே சரியாகப் பேசவராத ஆங்கிலோ இந்தியர், சர்ச்சில் பியானோ பழகியவர், ரேடியோ ஆர்ட்டிஸ்ட், கர்நாடக சங்கீதத்தில் பேர் வாங்க முடியாமல்போன வித்துவான் என்று எல்லாரும் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று முன்னால் நின்றவர் எம்.பி.ஸ்ரீனிவாசன். இடதுசாரி, மலையாளத்தில் பெயர் வாங்கிய இசையமைப்பாளர், சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நடத்தியவர். அவர் தொடங்கிய சினி மியூசிஷியன்ஸ் யூனியன்தான் வாத்தியக்காரருக்கு இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு கூலி என்பதை ஒரு வழக்கமாக நிலைநிறுத்தியது. கால்ஷீட் என்ற சொல்லுக்கு அந்தக் கூடத்தில் கிட்டத்தட்ட சம்பளம் என்றே பொருள்.

வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். ராஜாவின் ரெக்கார்டிங் காலை 7 மணிக்கே தொடங்கிவிடும். அவர் எழுதித் தரும் நோட்ஸை ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியபடி பிரதி எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஒத்திகை. பாடகர் வருவார். டேக். எல்லாரும் ஒரே நேரத்தில் வாசித்தாகவேண்டும். கடைசி வரியில் ஒரு வயலின் பிசகினாலும் முதலிலிருந்து மறுபடி. பக்கத்து நாற்காலிக்காரர் எங்கே மூச்சுவிடுகிறார் என்று தெரியாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. 1980-களின் பாடல்களில் இழைகிற வயலின்கள் ஒரே ஆள் வாசித்ததுபோலக் கேட்பது, அந்த நாற்பது ஐம்பது பேரும் வருடக்கணக்கில் ஒன்றாகவே சாப்பிட்டுப் பழகியதால் என்றுதான் நான் நினைக்கிறேன். வி.எஸ்.நரசிம்மன் மாதிரியான வயலின் கலைஞர்கள் பிற்பாடு மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட் என்று தனியே வாசிக்க முடிந்ததும் அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான்.

சாயங்காலம் கூலி கைக்கு வரும். அதோடு கணக்கு முடிந்தது. அந்தப் பாட்டு ஐம்பது வருடம் ஒலித்தாலும் வாசித்தவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இது என்ன விலை கேட்டது என்பதற்கு ஒரே ஒரு வீட்டைச் சொன்னால் போதும். ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தார், பல இசையமைப்பாளர்களுக்காக வாத்தியக் குழுவை நடத்திக்கொடுத்தார். ராஜாவின் ‘அன்னக்கிளி’ வெளியான அதே 1976-இல் அவர் இறந்தார். மகனுக்கு அப்போது 9 வயது. அதன்பின் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது அவர் விட்டுச்சென்ற வாத்தியங்களின் வாடகை. பாட்டின் வாடகை என்ற ஒன்று அன்றைய வழக்கத்தில் இல்லை. கீபோர்டை வாடகைக்கு விட முடிந்தது, அதில் பிறந்த மெட்டை விட முடியவில்லை. அந்தப் பையன்தான் ஏ.ஆர்.ரஹ்மான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2012-க்குப் பின்னான பதிப்புரிமைச் சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரோஜாவோ ஆஸ்கரோ நினைவுக்கு வருவதில்லை. அந்த வீட்டு வாசலில் வந்து கருவிகளை ஏற்றிக்கொண்டு போன வண்டிதான் நினைவுக்கு வருகிறது.

மறு வருடமே, 1977-இல், உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிவிட்டது. இசைப் படைப்பாளிகளின் உரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். தொடுத்த வழக்கு அது. காசு கொடுத்துப் பாட்டை எழுதச் சொன்ன தயாரிப்பாளரே அதன் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கவிஞரோ இசையமைப்பாளரோ பிறகு கைநீட்ட முடியாது என்பது சாரம். அந்த அமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாட்டுக்குப் பாதி உயிர் கொடுக்கும் பாடகருக்கு நம் சட்டத்தில் ஒன்றுமே இல்லையே என்ற வருத்தம் அதில் இருக்கிறது. வருத்தம் சட்டமாக 17 வருடம் ஆனது: நிகழ்த்துபவருக்கும் உரிமை உண்டு என்று 1994-இல்தான் திருத்தினார்கள்.

அதற்குள் கேசட் வந்து வீடு வீடாக நுழைந்துவிட்டது. பிறகு எஃப்.எம்., பிறகு காலர் டியூன். நாடே ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பாட்டுக் கேட்ட அந்தச் சில வருடங்களில், பாட்டைப் பெற்றவர்கள் கையெழுத்திட்டிருந்த ஒப்பந்தங்கள் இன்றுள்ள வடிவங்களோடு இனி வரப்போகும் வடிவங்களையும் சேர்த்து எழுதி வாங்கியிருந்தன. இனி என்ன வரப்போகிறது என்று எழுதியவருக்கும் தெரியாது, கையெழுத்திட்டவருக்கும் தெரியாது. ஆனால் ஒருவருக்கு மட்டும் லாபம்.

கூடம் கலைந்ததும் இதே காலத்தில்தான். தெலுங்குப் படவுலகம் ஹைதராபாதுக்கும் கன்னடம் பெங்களூருக்கும் மலையாளம் கேரளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டன. சென்னைவாசியான யேசுதாஸே 1980-இல் திருவனந்தபுரத்தில் தரங்கிணி ஸ்டுடியோவைத் தொடங்கினார். நான்கு மொழிக்கு வாசித்த வயலின்காரருக்குத் தமிழ் மட்டும் மிஞ்சியது. அந்தத் தமிழிலும் முப்பது வயலினின் வேலையை ஒரு சிந்தசைசர் செய்ய ஆரம்பித்தது. உண்மையான பெரிய ஆர்கெஸ்ட்ரா வேண்டுமென்றால் விமானம் ஏறினார்கள். ‘ஹே ராம்’ படத்துக்கு ராஜா புடாபெஸ்ட்டில் போய்ப் பதிவு செய்தார். 1989-இல் ரஹ்மான் தன் வீட்டுக் கொல்லையில் கட்டிய ஸ்டுடியோவில் ஒவ்வொரு கலைஞரும் தனித்தனியே வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். பக்கத்து நாற்காலி காலி. முன்னால் வாசித்தவரை ஹெட்போனில் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கொல்லையிலிருந்து ஒரு நல்ல வழக்கமும் வந்தது. என்னிடம் உள்ள பழைய கேசட் உறைகளில் வாசித்தவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்: இசை, பாடல், பாடியவர்கள், கம்பெனி முகவரி. ரஹ்மானின் உறைகளில் புல்லாங்குழல் யார், பாஸ் கிடார் யார், ஒலிப்பதிவு யார் என்று பெயர்கள் வர ஆரம்பித்தன. அப்போது அதை மரியாதை என்று நினைத்தோம். அது பத்திரப் பதிவு மாதிரி என்பது பிறகுதான் புரிந்தது.

ஏன் என்றால், ‘பம்பாய்’ படத்தின் தீம் இசையை எடுத்துக்கொள்ளுங்கள். படம் 1995-இல் வந்தது. நவீன் குமாரின் புல்லாங்குழல்தான் அதன் உயிர் என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த இசை ‘ஃபயர்’ படத்தில் வந்தது. எலியா சுலைமான் என்ற பாலஸ்தீன இயக்குநரின் ‘டிவைன் இன்டர்வென்ஷன்’ படத்தில் 2002-இல் வந்தது. 2005-இல் ஹாலிவுட்டின் ‘லார்ட் ஆஃப் வார்’ படத்திலும் வந்தது. ஒரு படத்தின் இசையை இன்னொரு படம் எடுத்துக்கொள்ள இரண்டு அனுமதி வேண்டும். மெட்டுக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று. மெட்டு இசையமைப்பாளர் வழியாகவோ அவரிடம் உரிமை வாங்கியவர் வழியாகவோ வரும். பதிவு கம்பெனியுடையது. ஊதியவரின் மூச்சு இந்த இரண்டு தாளிலும் தனியாக இல்லை. கோடம்பாக்கத்து வழக்கம் அவருக்குக் கால்ஷீட் கூலியோடு நின்றது.

2012-இல் சட்டம் திருந்தியது. மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காக விடாமல் போராடியதை மறந்துவிடக்கூடாது. திருத்தத்தின் உயிர் இதுதான்: படத்தில் இடம்பெற்ற பாட்டின் கவிஞரும் இசையமைப்பாளரும், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டிலும், உரிமை வாங்கியவரோடு சரிபாதி ராயல்டிக்கு உரியவர்கள். அந்த உரிமையை அவர்களே எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. வாரிசுக்குப் போகலாம், வசூலிக்கும் சங்கத்துக்குப் போகலாம், வேறு யாருக்கும் போகாது. விற்க முடியாத சொத்து. சீட்டுக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போடும் சுபாவம் உள்ளவர்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது.

வாத்தியக்காரர்? நிகழ்த்துபவருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்று அதே திருத்தம் சொல்கிறது. கூடவே ஒரு விலக்கும் உண்டு. படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலாகவோ துணையாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் கார்டில்கூடப் பெயர் வராவிட்டால், அவருக்கு அந்த அந்தஸ்து பெரும்பாலும் இல்லை. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்களை மனதில் வைத்து எழுதியிருக்கலாம். ஆனால் தமிழ்ப் பட டைட்டிலில் பெயரே வராமல் முப்பது வருடம் வாசித்த ஒருவர் அந்த வரியைப் படித்தால் என்ன நினைப்பார்? பாடகர்களுக்கு 2013-இல் தனிச் சங்கம் பதிவானது. பிறகு வாத்தியக் கலைஞர்களுக்கும் அது கதவைத் திறந்தது. அங்கே கேட்கப்படும் முதல் விஷயமும் எந்தப் பாட்டில் நீங்கள் என்ன வாசித்தீர்கள் என்பதுதான். எழுதிவைத்தவர் எத்தனை பேர்.

அன்று சாலிகிராமத்து முகவரி செய்த வேலையை இன்று ஒரு பதிவெண் செய்கிறது. பாட்டை வெளியிடும் முன்பே சங்கத்தில் பதியவேண்டும், யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதவேண்டும், யூடியூபில் உரிமை யார் பெயரில் என்று பார்க்கவேண்டும். பாட்டு போடத் தெரிந்த அளவுக்கு படிவம் நிரப்பத் தெரியாதவர்களே அதிகம். இதைத் தெரிந்துகொள்வதற்காகவாவது ஊரை விட்டு வரவேண்டியிருக்கிறது. முன்பு நோட்டேஷன் சொல்லிக்கொடுத்த அதே டீக்கடைப் பேச்சில்தான் இப்போது எதில் கையெழுத்து போடக்கூடாது என்பதையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோவை ஆதி இணையத்தில் பாட்டுப் போட்டே ‘ஹிப்ஹாப் தமிழா’வாக ஊரறிந்தவர் ஆனார், சினிமாவுக்கு இசையமைக்கச் சென்னைக்குத்தான் வந்தார்.

அரக்கோணத்து அறிவு சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் சேர்ந்தது இன்னொரு மாதிரியான குடிபெயர்வு. அந்தக் குழு கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் நிறுத்திய இடம். 2021-இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் உழைத்து, வெறுங்கையோடு திரும்பிய முன்னோர்களின் நினைவு அந்தப் பாட்டில் இருக்கிறது. கோடிக்கணக்கில் கேட்டார்கள். சினிமா அல்ல, சுயாதீன இசை; உரிமை கலைஞர்களுக்கே என்ற நம்பிக்கையோடு பிறந்த பாட்டு. முதலில் பெயரிலேயே சண்டை வந்தது, யாருடைய பாட்டு, மேடையில் யாரைக் காணோம், அட்டைப்படத்தில் யார் இல்லை என்று. 2024-இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோவில் பேசினார்: அந்தப் பாட்டிலிருந்து தங்கள் யாருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்றார். தோட்டத்து ஞாபகத்தைப் பாடிய பாட்டுக்கே தோட்டத்துக் கணக்கு வந்து சேர்ந்தது.

பழைய பாட்டுகளின் வாடகை வழக்கு இன்னும் சூடாக நடக்கிறது. கொச்சியிலிருந்து வந்த ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ 2024-இல் ‘குணா’வின் பாட்டைக் கதையின் நடுவே வைத்தது, ராஜா நோட்டீஸ் அனுப்பினார், தயாரிப்பாளர்கள் உரிமை வைத்திருக்கும் கம்பெனிகளிடம் அனுமதி வாங்கித்தான் பயன்படுத்தினோம் என்றார்கள். டீக்கடையில் இதைப் பேராசை என்றார்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் பிரசாத் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பாட்டுகளைப் பெற்றவர், அந்த இடம் யாருக்கு என்ற வழக்குக்குப் பிறகு 2020-இன் கடைசியில் தன் பொருள்களை எடுத்துக்கொண்டு வெளியேறி, 77 வயதில் கோடம்பாக்கத்தில் புது ஸ்டுடியோ திறந்தார். இடமும் தனதல்ல, பாட்டும் தனதல்ல என்றால் கேட்கத்தான் தோன்றும். அவர் கேட்பது தன் பங்குக்கு மட்டும்தானா, ஐம்பது நாற்காலிக்கும் சேர்த்தா என்பது வேறு கேள்வி. அதையும் யாராவது கேட்கவேண்டும்.

இப்போது அந்த மெல்லிசைக் குழுவுக்கு வருகிறேன். 2017 மார்ச்சில் எஸ்.பி.பி. தன் ஐம்பதாண்டுப் பாட்டு வாழ்க்கையைக் கொண்டாட அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தார். ராஜா தரப்பு வழக்கறிஞரின் நோட்டீஸ் வந்தது: அனுமதி இல்லாமல் ராஜாவின் பாட்டுகளைப் பாடக்கூடாது. இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது, சட்டம் என்றால் மதிக்கிறேன் என்று எழுதிவிட்டு, அடுத்த மேடைகளில் அவர் மற்றவர்களின் பாட்டுகளைப் பாடினார். நண்பனிடமே கணக்கா என்று தமிழ்நாடு கொதித்தது. டிக்கெட் விற்றவர்கள் மேடை உரிமத்தை முன்கூட்டியே வாங்கியிருந்தால் அந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. அந்தப் பழக்கம் நம்மிடம் அன்றும் இல்லை.

2019 ஜூன் 2, ராஜாவின் பிறந்தநாள். பூந்தமல்லி பக்கம் ஒரு திறந்தவெளியில் பெரிய கச்சேரி. யேசுதாஸ் பாடினார், எஸ்.பி.பி. பாடினார், ராஜா மேடையிலேயே இருந்தார். பின்னால் வரிசையாக நாற்காலிகள், நிஜ வயலின்கள். அன்று வசூலான பணம் எதற்கு என்று அறிவித்திருந்தார்கள்: சினி மியூசிஷியன்ஸ் யூனியனுக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் கட்ட.